எத்தனை தெரு தாண்டலாம்?

சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டுக்கு எந்த வாரியமும் விதி எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் அயனாவரத்துப் பையனையும் ஆலந்தூர்ப் பையனையும் ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டால், அரை நிமிடத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு பிட்ச் விழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். நேராக மொட்டை மாடிக்கு ஏறினால் அவுட். காம்பவுண்டுக்குள் விழுந்தால் அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். வீட்டுக்காரர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியவனும் அவனே. தெருவின் அகலம், ஓரமாக நிற்கும் கார், கண்ணாடி ஜன்னல், மதியத் தூக்கம் கெட்டால் கத்தும் தாத்தா என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, பிள்ளைகளே திருத்தித் திருத்தி உண்டாக்கிய சட்டம் அது.

இந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்த ஒருவர் டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்தார். ரவிச்சந்திரன் அஸ்வின் மேற்கு மாம்பலம் ராமகிருஷ்ணபுரத்துத் தெருக்களில் ஆடி வளர்ந்தவர். 2024-ல் வெளிவந்த தன் சுயசரிதைக்கு ‘ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்’ என்றுதான் பெயர் வைத்தார். உலகம் ‘கேரம் பால்’ என்று வியந்த, விரலால் சுண்டிவிட்டுப் போடும் பந்து, சென்னையின் டென்னிஸ் பந்து ஆட்டக்காரர்களிடம் ‘சொடக்கு பால்’ என்று ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டதும் அங்கிருந்துதான். லீக் ஆட்டமும் பயிற்சியாளர்களும் பெரிய மைதானங்களும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது வாசற்படி இறங்கியதும் காலில் படும் ஒரு தெரு.

பெருநகரத்தில் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், நகரம் தரும் வசதிகளைப் பட்டியல் போடுவதுதான் வழக்கம். பெரிய பள்ளிகள், நூலகம், கோளரங்கம், கடற்கரை, நீச்சல் குளம், விதவிதமான வகுப்புகள். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் உள்ள எது ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகப் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது என்று கேட்டால், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பெரியவர் கையைப் பிடிக்காமல் அந்தப் பிள்ளை எத்தனை தெரு தாண்டலாம்?

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளர் 1971-ல் பள்ளிப் பிள்ளைகளின் போக்குவரத்தைக் கணக்கெடுத்தார். 1990-ல் அதே பள்ளிகளுக்கு மீண்டும் போனார்கள். 1971-ல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போய் வந்தார்கள். 1990-ல் அது 9 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு மார்தட்டிக்கொண்டது. ஹில்மன் கணக்கைத் திருப்பிப் போட்டார். சாலை பாதுகாப்பாகவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டோம், அதனால் சாவு குறைந்தது என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். யாரும் அதற்கு ஆணை போடவில்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நகரத் திட்டமிடல் கற்பித்த கெவின் லிஞ்ச், 1970-களில் யுனெஸ்கோ ஆதரவோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாட்டு நகரங்களில் வளரிளம் பிள்ளைகளிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, உங்கள் பகுதியை வரையுங்கள் என்றார்கள். எங்கே விளையாடுவீர்கள், எங்கே போகப் பயம், எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டார்கள். மெல்போர்ன் புறநகர்ப் பிள்ளைகளுக்கு வீடு பெரிது, திறந்தவெளி ஏராளம். ஆனால் அவர்கள்தான் சலிப்பில் வாடினார்கள். அர்ஜென்டினாவின் சால்டா நகரில், எளிய குடும்பங்கள் வாழ்ந்த ஒரு சின்னக் குடியிருப்பின் பிள்ளைகளோ எங்கள் இடம் அழகானது என்று வரைந்து கொடுத்தார்கள். அங்கே நடந்து போகப் பாதை, மரங்கள், நடுவில் ஒரு சதுக்கம், தெரிந்த முகங்கள் இருந்தன. அவ்வளவுதான்.

1990-களில் லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளரின் முயற்சியில் இந்தத் திட்டம் மீண்டும் உயிர் பெற்றபோது பெங்களூரும் அதில் சேர்ந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட சத்யாநகர், குடிநீருக்கும் கழிப்பறைக்கும் சாக்கடைக்கும் திண்டாடும் ஒரு குடிசைப் பகுதி. ஆய்வாளர்கள் எதிர்பார்த்துப் போனது வேறு, கேட்டது வேறு. அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பகுதி பிடித்திருந்தது. கூப்பிடு தூரத்தில் நண்பர்கள், திருவிழா, கடை, எந்நேரமும் நடமாட்டம் உள்ள தெரு. வறுமை இனிமையானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தண்ணீர் வராத குழாயைப் பற்றியும் அதே பிள்ளைகள்தான் புகார் சொன்னார்கள். ஆனால் பணத்தால் வாங்கித் தர முடியாத ஒன்று, பணமே இல்லாத இடத்தில் இருந்தது. அந்த ஒன்று அருகாமை.

சென்னைக்கு வருவோம். 1951 கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சம் பேர் இருந்த நகரம் 2011-ல் 46 லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டில் மாநகராட்சியின் எல்லையை விரித்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது, வார்டுகள் 200 ஆயின. நகரம் விரிந்ததே தவிர, திருவல்லிக்கேணியிலும் மாம்பலத்திலும் தெருவின் அகலம் விரியவில்லை. அதே தெருவில் இன்று இரண்டு பக்கமும் கார்களும் பைக்குகளும் நிற்கின்றன. வீட்டு வாசலில் மணல் மூட்டையும் உடைந்த தொட்டியும் வைத்து இடம் பிடித்து வைக்கிறார்கள். ஸ்டம்பு நட்ட இடத்தில் இப்போது ‘நோ பார்க்கிங்’ பலகை.

நடைபாதையைப் பற்றி மாநகராட்சிக்குத் தெரியாமல் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை 2014-ல் ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் சென்னைதான் இதில் முன்னோடி. 2018-க்குள் தெருக்களில் 80 சதவீதத்துக்கு நடைபாதை என்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, குழந்தைகள் ஓடுவதையும் சறுக்குவதையும் படமெடுத்துப் போடாத பத்திரிகை இல்லை. நகரத்தின் மிகப் பரபரப்பான கடைவீதி ஒன்றில் பிள்ளைகள் ஓட முடிவதே செய்தியாகிவிட்டது என்பதையும் அந்தப் படங்கள் சேர்த்தே சொல்லின. மற்ற தெருக்களில் நடைபாதை இருக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் பெட்டி, இஸ்திரி வண்டி, டீக்கடை பெஞ்சு. இவற்றில் பாதி ஏழைகளின் பிழைப்பு. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வழி விடு என்று சொல்வதும் நியாயமில்லை.

ஆக, பிள்ளை வேனில் போகிறது. காலை ஏழு மணிக்கே தெருமுனையில் ஹாரன் கேட்கும். வேன் அண்ணா வந்துவிட்டார். முதலில் ஏறும் பிள்ளை, கடைசிப் பிள்ளையின் வீடு வரை நகரத்தைச் சுற்றிவிட்டுத்தான் பள்ளி போய்ச் சேரும். நேராகப் போனால் பத்து நிமிடம்; வேனில் ஒரு மணி நேரம். இப்படி ஆண்டுக்கணக்கில் போய் வந்த பிள்ளைக்குத் தன் பள்ளிக்கு வழி கேட்டால் சொல்லத் தெரியாது. ஜன்னலில் ஓடிய கடைப் பெயர்கள் தெரியும். எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பது தெரியாது.

வேனும் அச்சத்துக்கு அப்பாற்பட்டதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். தமிழ்நாடே பதறிய சாவு அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது; அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், கல்வியாண்டு தொடங்கும் முன் ஆய்வு என்று இன்று நாம் காணும் ஒழுங்கெல்லாம் அந்தச் சாவுக்குப் பிறகு இறுகியவைதான்.

வீடு திரும்பினால் அடுக்குமாடி. குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், ‘பார்க்கிங் பகுதியில் பந்து விளையாடக் கூடாது’. லிப்டில் இன்னொன்று, ‘பெரியவர் துணையின்றிக் குழந்தைகள் ஏறக் கூடாது’. வாசலில் வாட்ச்மேன் அண்ணன் வேறு. ஐந்து மணிக்கு அபாகஸ், ஆறு மணிக்கு இந்தி, ஏழு மணிக்கு டியூஷன். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பிள்ளை எங்கே இருக்கிறது என்று மணிக்கு மணி தெரிந்திருப்பதே நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் மாதா மாதம் கட்டணம் கட்டுகிறார்கள். கீபோர்டு வாசிக்கத் தெரிந்தால் அது உபரி.

இந்த நெருக்கடியிலிருந்தும் சென்னை ஒன்றைச் சாதித்திருக்கிறது. சதுரங்கம். 1970-களில் இங்கிருந்த சோவியத் கலாசார மையத்தில் மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் நடந்தது. விஸ்வநாதன் ஆனந்த் அம்மாவிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, அந்தக் கழகத்தில் ஆடி வளர்ந்து, 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னாளில் கிராண்ட்மாஸ்டரான வைஷாலி சின்ன வயதில் ஓயாமல் டிவி பார்க்கிறாளே என்றுதான் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் உட்கார்ந்தான். குகேஷ் ஏழு வயதில் தன் பள்ளியிலேயே, வகுப்பு முடிந்த நேரத்தில் கற்கத் தொடங்கியவர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்தபோது அவருக்கு வயது 18. அவ்வளவு இளம் வயதில் சர்ச்சைக்கிடமில்லாத உலகப் பட்டத்தை வென்றவர் அதற்கு முன் யாருமில்லை.

மைதானம் இல்லாத நகரத்துக்கு ஏற்ற ஆட்டம் சதுரங்கம் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். அது பாதி உண்மைதான்; மைதானம் இல்லாத நகரங்கள் எத்தனையோ இருக்க, எல்லாவற்றிலிருந்தும் கிராண்ட்மாஸ்டர்கள் வரவில்லை. கழகம், அரசு ஆதரவு, போட்டி நடத்தும் அமைப்புகள், ஆட்டத்தை வளர்த்த பள்ளிகள் எல்லாம் சேர்ந்த கதை அது. ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலை நிறுத்தி வைத்தார். தனியாகப் போக முடியாத வயதில் உடன் போக ஒருவர் கிடைத்தார். அந்த ஒருவர் கிடைக்காத பிள்ளைக்கு நகரத்தின் மறு முனையில் இருக்கும் பயிற்சி மையம் வெளியூரில் இருப்பதற்குச் சமம்.

வடசென்னையின் வழி வேறு. அங்கே பயிற்சி மையம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், அல்லது தெருவே மையமாகிவிடும். மாலையானால் விளக்குக் கம்பத்தின் கீழோ ஓடு போட்ட ஒற்றை அறையிலோ கேரம் பலகை விரிந்துவிடும். போரிக் பவுடர் வாசனை, ஸ்ட்ரைக்கர் மோதும் சத்தம், சுற்றி நின்று ‘ரெட்டைப் போடுடா’ என்று கத்தும் கூட்டம். இந்த நகரத்தின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 17 வயது காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர், பயிற்சியாளரும் அவரே.

வியாசர்பாடியைக் கால்பந்து ரசிகர்கள் குட்டி பிரேசில் என்பார்கள். முல்லை நகர் மைதானத்தில் ஆடிய பிள்ளைகளில் இருந்து தனபால் கணேஷ் போன்றவர்கள் சென்னையின் எஃப்.சி. வரை, இந்திய அணி வரை போனார்கள். செய்திகளில் இந்தப் பகுதியின் பெயர் கத்தி, கஞ்சா என்ற சொற்களோடு வரும் அளவுக்குக் கோல் என்ற சொல்லோடு வருவதில்லை. இரண்டும் அங்கே நடப்பவைதான். எதை முதல் பக்கத்தில் போடுவது என்பது பத்திரிகைகளின் தேர்வு. இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான்.

சத்யாநகரில் ஆய்வாளர்கள் கண்ட அதே அருகாமைதான் இங்கும் வேலை செய்கிறது. பலகை, மைதானம், அண்ணன்மார், பள்ளி எல்லாம் நடந்து போகும் தூரத்தில். குடும்பத்தின் வருமானம் குறைவு. ஆனால் பிள்ளை யார் துணையுமின்றித் தன் ஆட்டத்திடம் போய்விட முடிகிறது. அப்படியானால், அந்த அருகாமையை ஒரே நாளில் பிடுங்கினால் என்ன ஆகும்? சென்னை அதையும் செய்து பார்த்திருக்கிறது.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தருவது அதன் முக்கிய வேலையாக இருந்தது. நகரத்தின் பல இடங்களில் ‘ஹவுசிங் போர்டு’ என்று மக்கள் அழைக்கும் அந்தக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். 2000-க்குப் பிறகு போக்கு மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தவர்களை துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பிறகு எட்டு மாடி அடுக்குகளாக எழுந்த பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

2019 டிசம்பர் கடைசியில் சென்ட்ரல் அருகே கூவக் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பெரும்பாக்கம் அனுப்பப்பட்டன. தூரம் சுமார் 25 கிலோமீட்டர். கல்வியாண்டு பாதியில் நிற்கிறது. பள்ளி பழைய இடத்தில். வீடு புதிய இடத்தில். பிள்ளை என்ன செய்யும்? விடிவதற்கு முன் எழுந்து பேருந்து மாறி மாறி வந்து படிக்கலாம். பாட்டி வீடோ சித்தி வீடோ பழைய பகுதியில் இருந்தால் அங்கே தங்கலாம். அல்லது நின்றுவிடலாம். ஒவ்வொரு முறை பகுதிகள் காலி செய்யப்பட்டபோதும் இந்த மூன்றும் நடந்திருக்கின்றன.

பள்ளியோடு போவது பாடம் மட்டுமில்லை. 1920-ல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தந்த நகரம் இது. இன்று முதலமைச்சர் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் உண்டு. அது பள்ளி மணி அடிப்பதற்கு முன் பரிமாறப்படும். இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி வரும் பிள்ளை எந்தப் பேருந்தைப் பிடித்தால் அந்தப் பொங்கல் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லூயிஸ் சாவ்லாவின் திட்டத்தில் ஜோஹன்னஸ்பர்க்கும் இருந்தது. நகரின் மையத்தில் கேனன்ஸ்லாண்ட் என்ற குடிசைப் பகுதியின் பிள்ளைகள் தங்கள் இடத்தை எப்படிச் சீர்படுத்தலாம் என்று வரைந்து, நகர மேயரிடமே எடுத்துச் சொன்னார்கள். பெரியவர்கள் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியே காலி செய்யப்பட்டு, மக்கள் நகருக்கு வெகு வெளியே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

புதிய இடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை உண்டு, முகவரி. வேலைக்குப் போகும்போது கண்ணகி நகர் என்று எழுதினால் முகம் மாறுகிறது என்பதால், துரைப்பாக்கம் என்று எழுதிச் சமாளித்தவர்கள் ஏராளம். இத்தனைக்கும் அது பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்பக்கம்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடி புரளும் நிறுவனங்களைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை, அவற்றுக்குள் காவலாளியாகவோ துப்புரவுத் தொழிலாளியாகவோ தன் வீட்டுப் பெரியவர்கள் போய் வருவதையும் பார்த்து வளர்கிறது. 2020-ல் ஓவியர்கள் வந்து அங்கே சுவர்களில் பிரமாண்டமான படங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் அந்த முகவரியைத் தலை நிமிர்ந்து சொல்ல வைத்தது சுவர் இல்லை, ஒரு பெண்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி, கண்ணகி நகர் கார்த்திகா. அவர் திரும்பியபோது பகுதியே திரண்டது. அரசு 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. ‘கண்ணகி நகர்’ என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. அவரும் அந்தப் பகுதிக் கபடி அணியினரும் பயின்றது தங்கள் குடியிருப்புக்குள்ளேயே இருந்த திடலில். வடசென்னையின் கேரம் பலகை போல, இதுவும் நடந்து போகும் தூரத்தில் இருந்த ஓர் இடமும் அதை விடாமல் நடத்திய ஒரு பயிற்சியாளரும் தந்த பலன். வெற்றிக்குப் பின் வரும் பரிசுத் தொகை கண்ணுக்குத் தெரிகிறது. வெற்றிக்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டிய மைதானங்களை யாரும் எண்ணுவதில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தெருக் கணக்கு இன்னும் குறுகல். பத்து வயது வரை தம்பியோடு தெருவில் ஓடியவளை, வயதுக்கு வந்ததும் வாசலோடு நிறுத்துவது நகரத்திலும் நடக்கிறது. அவளுக்கு மீண்டும் நகரத்தைத் திறந்து விடுவது பெரும்பாலும் பள்ளிக்கூடமும் பேருந்தும்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையோ பாஸோ இருந்தால் மாநகரப் பேருந்தில் கட்டணமில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது. குடும்பத்துக்கு மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பள்ளி முடித்த பெண், சீருடையைக் கழற்றிய பிறகும், காசு கேட்காமல் வீட்டிலிருந்து கிளம்ப முடிகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

பையன்களுக்குப் பேருந்து வேறொரு மேடை. பச்சையப்பன் கல்லூரி, மாநிலக் கல்லூரி மாணவர்களிடம் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ‘ரூட்டு தல’ உண்டு. படிக்கட்டில் தொங்குவது, தாளம் போட்டுப் பாடுவது, எதிர்க் கல்லூரி ரூட்டோடு மோதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். 2019-ல் ‘பஸ் டே’ என்று பேருந்தின் கூரையில் ஏறி வந்த மாணவர்கள், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சரிந்து விழுந்த காட்சியை நாடே பார்த்தது. கண்டிக்க வேண்டியதுதான். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கங்களிலிருந்து தினமும் மணிக்கணக்கில் பயணம் செய்யும் அந்தப் பையன்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள நகரத்தில் கிடைத்த ஒரே இடம் அந்தப் பேருந்தோ ரயில் பெட்டியோதான் என்பதையும் கண்டிக்கிறவர்கள் கணக்கில் எடுக்கலாம்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்குகள் எல்லாம் கலைந்துவிடும். நவம்பர் வந்தால் சென்னைப் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கே எழுந்து, மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டாரா என்று அப்பாவின் செல்போனைத் துழாவுவார்கள். வானிலை பற்றிய அறிவில் இந்த நகரத்துப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எப்போது புயலாகும் என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் ஏறிப் படகுக்குக் காத்திருந்தவர்களும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரமில்லாமல் இருட்டில் கிடந்தவர்களும் பெரியவர்கள் மட்டுமல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் வடிய நாளாகும். அங்கேதான் பெரும்பாக்கமும் இருக்கிறது.

தெற்கே வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம், சுமார் 119 கிலோமீட்டர், மூன்று தடங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான தடம், வடசென்னையையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் ஒரே கோட்டில் இணைக்கும். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் ஒரு நிலையம் வருகிறது. கண்ணகி நகர் அதற்குப் பக்கம்தான். மயிலாப்பூர், அடையாறு எல்லாம் அதே தடத்தில். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தளமும் எட்டாத தொலைவில் இருக்காது. தூரம் குறையும். ஆனால் மாநகரப் பேருந்தில் பள்ளிப் பிள்ளையை இலவசமாக ஏற்றிக்கொள்ளும் பாஸ் மெட்ரோவின் தானியங்கிக் கதவில் செல்லாது. அந்தக் கதவு பிள்ளைகளுக்குத் திறக்குமா என்பதை, தூண்கள் இன்னும் எழுந்துகொண்டிருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.